ராட்டினம் ஏற நாள் குறிக்க வேண்டுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நியூஜெர்சியில் இருக்கும் என் மச்சினன் வாட்ஸ்அப்பில் ஒரு எக்செல் ஷீட் அனுப்பினான். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், எக்செல் எனக்குப் புதிதில்லை. ஆனாலும் இதைத் திறந்ததும் கொஞ்சம் அரண்டுவிட்டேன். பதினொரு தாள்கள். குடும்பத்தோடு ஃபுளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டுக்கு ஐந்து நாள் போகிறானாம், அதற்கான திட்டம் அது. எந்த நாள், எந்தப் பூங்கா, காலை ஏழு மணிக்கு யார் கையில் எந்த போன், எந்தச் சவாரியை முதலில் பிடிப்பது, கிடைக்காவிட்டால் அடுத்து எது என்று நிறம் நிறமாகப் பிரித்துப் போட்டிருந்தான். கூடவே ஒரு குரல்பதிவு: "மாமா, என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு வேலை பார்க்கல."

அவன் கல்யாணத்துக்கு வேலை பார்த்தது நாங்கள். அது இப்போது வேண்டாம்.

அந்த ஷீட் வந்த நேரத்தில் எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. மே மாத விடுமுறை வீணாகப் போயிருந்தது. ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு இணையத்தில் சலுகை விலையில் முன்கூட்டியே டிக்கெட் வாங்கியிருந்தேன். பெயர் வேண்டாம். கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி தம்பிக்கு (என் பையனை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம்) நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். தேதியை மாற்றித் தருவீர்களா என்று கேட்டதற்கு, சலுகை டிக்கெட்டில் அந்த வசதி கிடையாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். பணம் போனதுகூடப் பெரிதில்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பெண் ஒரு வாரம் தன் தம்பியோடு பேசவில்லை. ஆகவே காலாண்டுத் தேர்வு விடுமுறையிலாவது எங்காவது கூட்டிக்கொண்டு போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை.

எங்கே போவது? பேச்சில் அடிபட்டவை இவை: எங்கள் மதுரை பக்கம் பரவையில் இருக்கும் அதிசயம் பூங்கா, கொடைக்கானல், பெங்களூரு அல்லது சென்னை அல்லது கொச்சியில் இருக்கும் வொண்டர்லா பூங்கா, மச்சினன் உசுப்பேற்றிவிட்ட தைரியத்தில் சிங்கப்பூர் யுனிவர்சல். ஒப்பிட உட்கார்ந்தபோது முதலில் எழுந்த கேள்வி பணம் அல்ல. இதற்கெல்லாம் இப்போது எத்தனை நாளுக்கு முன்பே உட்கார வேண்டியிருக்கிறது என்பதுதான்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்களுக்குத் தெரிந்த ஒரே தீம் பார்க் தமுக்கம் மைதானத்துச் சித்திரைப் பொருட்காட்சி. அப்பா சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து "கிளம்புங்கடா" என்பார். அவ்வளவுதான் திட்டம். நுழைவுச்சீட்டு தனி, ராட்டினத்துக்குத் தனி, கொலம்பஸ் கப்பலுக்குத் தனி, மரணக்கிணற்றுக்குத் தனி. கையில் இருக்கும் காசுக்கு எதில் ஏறலாம் என்பதை அங்கே நின்று முடிவு செய்வோம். மிச்சக் காசுக்கு டெல்லி அப்பளம்.

வேடிக்கை என்னவென்றால், டிஸ்னியும் கிட்டத்தட்ட அப்படித்தான் ஆரம்பித்தது. 1955-ல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்தபோது சவாரிக்குச் சவாரி தனிச் சீட்டுதான். சீக்கிரமே அதைப் புத்தகமாகக் கட்டி, ஏ, பி, சி என்று தரம் பிரித்து விற்றார்கள். உசத்தியான சவாரிக்கு இ சீட்டு. 1980-களின் தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டு, ஒரே நுழைவுச்சீட்டில் எல்லாவற்றிலும் ஏறலாம் என்றார்கள். வரிசை நீண்டது. 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. சவாரி வாசலில் இருக்கும் இயந்திரம் ஒரு துண்டுச்சீட்டு கொடுக்கும், அதில் போட்டிருக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தால் சீக்கிரம் உள்ளே விடுவார்கள். இலவசம். அப்புறம் ஃபுளோரிடாவில் அதுவே இணையத்துக்குப் போனது. டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்கள் அறுபது நாளுக்கு முன்பும், மற்றவர்கள் முப்பது நாளுக்கு முன்பும் சவாரிக்கு நேரம் பிடிக்கலாம் என்றானது. கொரோனாவுக்குப் பிறகு அந்த இலவசம் போய், 2021 அக்டோபரில் காசு கட்டும் முறை வந்தது. 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பெயர் லைட்னிங் லேன் மல்டி பாஸ். ஓட்டலில் தங்குபவர்களுக்கு ஏழு நாள் முன்பு, மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்பு, காலை ஏழு மணிக்குத் திறக்கும். பூங்காவுக்குள் உட்கார்ந்து சாப்பிடும் இடங்களுக்கு அறுபது நாள் முன்பே மேசை பிடிக்கலாம்.

இதில் மச்சினன் சொன்ன ஒரு விஷயத்தையும் சேர்க்க வேண்டும். நாள்கணக்கில் பார்த்தால் முன்பைவிடக் குறைந்துதான் இருக்கிறது. சாப்பாட்டு மேசைக்கு ஒரு காலத்தில் நூற்றெண்பது நாள் முன்பே அலைந்திருக்கிறார்கள். கொரோனா சமயத்தில் டிக்கெட் வாங்கிய பிறகும் எந்த நாள் எந்தப் பூங்கா என்று தனியாக முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது, தேதி போட்ட டிக்கெட்டுகளுக்கு அதை 2024 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். "அப்ப ஏன்டா பதினொரு தாளு?" என்று கேட்டேன். "நாள் குறைஞ்சிருக்கு மாமா, வேலை குறையல" என்றான்.

அது ஏன் குறையாது என்பது கணக்குப் பார்த்தால் புரியும். ஒரு சவாரி மணிக்கு ஆயிரம் பேரை ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எழுநூறு இடத்தை முன்பதிவுக்காரர்களுக்குக் கொடுத்தால், சாதா வரிசைக்கு மிச்சம் மணிக்கு முந்நூறு. அந்த வரிசையில் அறுநூறு பேர் நின்றால் கடைசி ஆள் ஏற இரண்டு மணி நேரம் ஆகும். சவாரி வேகமாக ஓடவில்லை, பெட்டிகள் கூடவில்லை. ஒருவர் காத்திருக்கும் நேரத்தை எடுத்து இன்னொருவர் தலையில் வைத்திருக்கிறார்கள். மீனாட்சி அம்மன் கோயிலில் சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கியவர் ஒரு பக்கம் சரசரவென்று போக, பொது தரிசன வரிசை கம்பிக்குள் அசையாமல் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். நேரம் பிடித்து வைக்காதவன் தண்டனை அனுபவிக்கிறான் என்று தெரிந்துவிட்டால் எல்லோரும் நேரம் பிடிக்கத்தான் ஓடுவார்கள். அப்புறம் அது சலுகை இல்லை, கட்டாயம்.

சரி, முன்கூட்டியே திட்டம் போடுவதே கெடுதல் என்கிறேனா? இல்லை. அப்படிச் சொல்ல மதுரைக்காரனுக்கு யோக்கியதை கிடையாது. திருப்பதி முந்நூறு ரூபாய் தரிசனத்துக்கு மூன்று மாதம் முன்பே கணினி முன்னால் உட்காருகிறோம். மீனாட்சி திருக்கல்யாணத்தைக் கிட்டே இருந்து பார்க்க இணையத்தில் பதிவு செய்கிறோம். அலங்காநல்லூரில் காளையை அவிழ்த்துவிட வேண்டுமென்றாலும் ஆன்லைனில் பதிந்து டோக்கன் வாங்கியாக வேண்டும். காளைக்கே முன்பதிவு இருக்கும்போது நமக்கு என்ன?

ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் வரை நூற்றிருபது நாள் முன்பே பதிவு செய்யலாம் என்று இருந்ததை அறுபது நாளாகக் குறைத்தார்கள். காலை எட்டு மணிக்குத் திறக்கும். விடுமுறை நாள் என்றால் எட்டேகால் மணிக்குக் காத்திருப்போர் பட்டியல். விட்டால் தட்கல், ஏசிக்கு முதல் நாள் காலை பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. டிஸ்னியில் சாப்பாட்டு மேசைக்கும் அறுபது நாள், நமக்கு சைடு லோயர் பெர்த்துக்கும் அறுபது நாள். இதைச் சொன்னதும் மச்சினன் சிரித்தான்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, ஊர்களை ஒப்பிட எனக்குக் கிடைத்த அளவுகோலும் அதுதான். ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் நம் வேலை முடிந்துவிடுகிறது. திருப்பதியில் வரிசைக்குள் நுழைந்துவிட்டால் கூட்டம் நம்மை நகர்த்திக்கொண்டு போய்விடும், யோசிக்க ஒன்றுமில்லை. மச்சினனின் ஷீட்டில் அப்படி இல்லை. பதினொன்றில் எட்டுத் தாள் பூங்காவுக்கு உள்ளே போன பிறகு செய்ய வேண்டியவை. ஒரு சவாரி முடிந்தால் உடனே போனை எடுத்து அடுத்ததற்கு நேரம் பிடி. பத்து நிமிடம் கழித்து நல்ல நேரம் ஏதும் காலியாகிறதா பார். பேட்டரி இறங்குகிறது, பவர் பேங்க் எங்கே? பிள்ளை "அப்பா அங்க பாரு" என்கிறபோது அப்பா திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆக, பூங்கா கேட்டுக்கு வெளியே முடிந்துவிடும் வேலை ஒரு வகை. கேட்டுக்கு உள்ளேயும் தொடரும் வேலை இன்னொரு வகை. முதல் வகை எவ்வளவு இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது வகை இருந்தால் அது விடுமுறை இல்லை, அலுவலகத்தை வேறு ஊருக்கு மாற்றியது மாதிரி. எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு, மே மாதம் சூடுபட்டதால் வந்தது: பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எவ்வளவு போகும்?

இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தோம்.

பரவை அதிசயத்துக்குத் திட்டமே வேண்டாம். திண்டுக்கல் ரோட்டில், காய்கறி மார்க்கெட் இருக்கும் அதே பரவைதான். காலையில் எழுந்து, மேகம் பார்த்து, மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு கிளம்பலாம். காய்ச்சல் வந்தால் அடுத்த வாரம் போனால் போயிற்று. என் கணக்கில் முழு மதிப்பெண். ஆனால் பாப்பா "ஸ்கூல்ல ரெண்டு தடவை கூட்டிட்டுப் போயாச்சுப்பா" என்று முடித்துவிட்டாள். ஊர் எல்லை தாண்டாத ஒன்றைப் பதின்மூன்று வயதுப் பெண் விடுமுறை என்று ஒப்புக்கொள்ள மாட்டாள். தம்பிக்கு அது போதும். ஆனால் முடிவு அவன் கையில் இல்லை.

கொடைக்கானல் என் மனைவியின் யோசனை. ராட்டினமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஏரியைச் சுற்றிவிட்டு வருவோம் என்றாள். திட்டம் போடாமல் போகும் ஊர் என்றால் எங்களுக்கு அதுதானே. ஆனால் இப்போது அங்கும் இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் நான்காயிரம் வண்டி, சனி ஞாயிறில் ஆறாயிரம் வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். நியாயமான காரியம்தான், அந்த மலை தாங்க வேண்டாமா? பதிவு செய்வதும் ஐந்து நிமிட வேலை. ஆனாலும் ஒரு காலத்தில் வத்தலக்குண்டில் டீ குடிக்கும்போது "மேலே போகலாமா?" என்று முடிவெடுத்துப் போன ஊருக்கு, வண்டி எண்ணைப் பதிந்து க்யூஆர் கோடு வாங்குவது ஒரு மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றதால் அந்த வருத்தத்துக்கு மேலே போகவில்லை.

பெங்களூருவைச் சீக்கிரம் தள்ளிவிட்டோம். 2024 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத்தில் விடிகாலை ஏறினால் மதியம் பெங்களூரு கண்டோன்மென்ட். ஆனால் வொண்டர்லா இருப்பது ஊரின் மறுகோடியில், மைசூர் ரோட்டில் பிடதி பக்கம். போகும் நாள் பயணத்தில் போய்விடும், வரும் நாளும் போய்விடும், நடுவில் ஒரு நாளுக்காக இரண்டு ராத்திரி அறை. ஐந்து பேருக்கு ஒத்துவராது.

சென்னைதான் முதலில் ஜெயிப்பது மாதிரி இருந்தது. திருப்போரூர் பக்கம் வொண்டர்லா 2025 டிசம்பரில்தான் திறந்தது. கால் கீழே தொங்க, தண்டவாளத்துக்கு அடியில் பறக்கும் ஒரு கோஸ்டருக்குத் தஞ்சோரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், தஞ்சாவூரை நினைத்து. பாப்பா அதன் வீடியோவை ஐம்பது தடவையாவது பார்த்திருப்பாள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிவதற்கு முன்பே தாம்பரம். அங்கே என் சித்தி வீடு இருக்கிறது. அறை எடுக்க வேண்டாம், சாப்பாடு பற்றிக் கவலை இல்லை. பூங்காவில் எட்டு மணி நேரம் நடக்க முடியாத என் அம்மா, தங்கச்சி வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருக்கலாம்.

சொந்தக்காரர் வீடு இலவசம் என்று நினைப்பவர்கள் அங்கே போய்த் தங்கியதில்லை. கூடவே அவர்கள் பிள்ளைகளையும் பூங்காவுக்கு அழைக்க வேண்டும், அழைக்காவிட்டால் பேச்சு வரும். அழைத்தால் டிக்கெட் எட்டு. ஒரு வீட்டுக்குப் போய்விட்டு, அம்பத்தூரில் இருக்கும் இன்னொரு வீட்டுக்குப் போகாமல் வர முடியாது. அதுவும் ஒரு வகைத் திட்டம்தான், எந்த ஆப்பிலும் ரத்து செய்ய முடியாத திட்டம்.

ஆனால் சென்னையைக் கவிழ்த்தது அது இல்லை. நமக்குக் காலாண்டு விடுமுறை என்றால் சென்னைக்கும் காலாண்டு விடுமுறை. தமிழ்நாடு முழுக்க ஒரே வாரத்தில் பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது, தமிழ்நாட்டின் புதுப் பூங்காவில் என்ன கூட்டம் இருக்கும்? பள்ளிக்கூடம் நடக்கிற ஊருக்கு விடுமுறைக்குப் போ, வரிசை தானாகக் குறையும். ஃபாஸ்ட்பாஸ் கண்டுபிடிப்பதற்கு முன்பிருந்தே வேலை செய்கிற முறை இது, காசும் கிடையாது. கேரளத்தில் ஓண விடுமுறை முடிந்து, செப்டம்பர் கடைசியில் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். ஆயுத பூஜையை ஒட்டிய நாள்களையும் சனி ஞாயிறையும் மட்டும் தவிர்த்துவிட்டால் போதும்.

அப்படித்தான் கொச்சி மேலே வந்தது.

கொச்சி வொண்டர்லாவுக்குப் பழைய பெயர் வீகாலேண்ட். 2000-ல் பள்ளிக்கரையில் ஒரு குன்றின் மேல் திறந்தார்கள். வோல்டேஜ் ஸ்டெபிலைசர் விற்ற வி-கார்ட் கம்பெனிக்காரர் கட்டியது. வொண்டர்லாவாக மாறிய பின்னும் ஆட்டோக்காரர்கள் சிலர் வீகாலேண்ட் என்றே சொல்கிறார்கள். ஒரே டிக்கெட், தரையில் ஓடுவது, தண்ணீரில் சறுக்குவது எல்லாம் அதிலேயே அடக்கம். சாப்பாட்டுக்குத் தனிக் காசு, கட்டுச்சோறு உள்ளே விடமாட்டார்கள். சவாரிக்கு நேரம் பிடிக்கிற வேலை கிடையாது. நடந்து போய் வரிசையில் நின்றால் ஏற்றிவிடுவார்கள். அவசரக்காரர்களுக்கு ஃபாஸ்ட்ராக் என்று விலை கூடின டிக்கெட் இருக்கிறது, பள்ளி நடக்கும் வார நாளில் அது தேவைப்படாது என்பது என் கணிப்பு. போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டே சுற்றலாம். தண்ணீரில் இறங்குகிறவன் வேறு என்ன செய்வான்? மதியம் வரை தரைச் சவாரிகள், அப்புறம் தண்ணீர் என்று நாளை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் அதுதான் உள்ளே தேவைப்படும் முழுத் திட்டம்.

வெளியே செய்ய வேண்டியது உண்டு. அங்கே தண்ணீரில் பருத்தித் துணியோடு இறங்கவிட மாட்டார்கள், நைலான் போன்ற நீச்சல் உடைதான் வேண்டும். வாசலில் வாங்கினால் விலை வேறு, டவுன்ஹால் ரோட்டில் வாங்கினால் விலை வேறு. சிறுவர் டிக்கெட்டை வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்துத் தருவார்கள். தம்பியை நிலைக்கதவில் சாய்த்துப் பென்சிலால் கோடு போட்டோம், நூற்றுப்பதினெட்டு சென்டிமீட்டர். சிறுவர் டிக்கெட்தான், ஆனால் பெரிய சவாரிகளில் ஏற்றமாட்டார்கள். அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். அங்கே போய் அளவுக்கோலின் முன்னால் நின்று அழுவதைவிட வீட்டுக் கதவின் முன்னால் அழுவது நல்லது. அழுதான்.

போகும் வழிதான் சிக்கல். தேனி, போடி, மூணாறு என்று ஏறி இறங்கும் சாலை அழகானது, ஆனால் போடிமெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு வாந்தி வரும். செங்கோட்டை, புனலூர் வழியாகப் போகும் குருவாயூர் ரயில் இருக்கிறது. பகலில் மதுரையில் ஏறினால், கொல்லம், கோட்டயம் என்று சுற்றிக்கொண்டு எர்ணாகுளம் சேர ராத்திரி வெகுநேரமாகிவிடும். அன்றைக்கு இனிப் பூங்காவுக்குப் போக முடியாது. ஒரு ராத்திரியாவது தங்கியாக வேண்டும். ரயில் டிக்கெட்டை ரத்து செய்தால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள், தட்கலில் எடுத்தால் அதுவும் கிடையாது. அறையை, ரத்து செய்தால் பணம் திரும்பும் கட்டணத்தில் எடுப்பேன், நூறு இருநூறு கூட இருந்தாலும் பரவாயில்லை. பூங்கா டிக்கெட்டைக் கிளம்பும் நாளுக்கு முந்தின நாள்தான் வாங்குவேன். முன்பே வாங்கினால் கிடைக்கும் சலுகையை மே மாதத்திலேயே பார்த்துவிட்டேன்.

சிங்கப்பூரையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என் அளவுகோலில் அது நினைத்ததைவிட நன்றாகத் தேறியது. வெளியே வேலை ஏராளம். பாரதி உலா ரோடு பாஸ்போர்ட் அலுவலகத்தில் ஐந்து பேருக்கும் பாஸ்போர்ட். பிள்ளைகளுடையது ஐந்து வருஷத்தில் காலாவதியாகிவிடும் என்பதால் ரொம்ப முந்தி எடுத்து வைப்பதிலும் அர்த்தமில்லை. அப்புறம் ஏஜென்ட் மூலம் விசா, திருச்சியிலிருந்து விமானம். ஆனால் செந்தோசாவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சின்னப் பூங்கா, ஒரு நாளில் சுற்றிவிடலாம். கேட்டைத் தாண்டிவிட்டால் நேரம் பிடிக்கிற வேலை இல்லை. வரிசையில் நிற்காமல் சீக்கிரம் ஏற உதவும் எக்ஸ்பிரஸ் பாஸ் என்பது விரும்பியவர் வாங்குவது, வாங்கியதும் முடிந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வருஷ நடுவில் மே கடைசியிலிருந்து ஜூன் வரைதான் விடுமுறை, நாம் மே முதல் பாதியில் போனால் அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். மம்மி கோஸ்டருக்கு 122 சென்டிமீட்டர் கேட்கிறார்கள். நிலைக்கதவில் அந்த உயரத்துக்கும் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். தம்பி அதைத் தொடும்போது பாஸ்போர்ட் எடுப்பதாக ஒப்பந்தம். அதற்குள் பணமும் சேர வேண்டும்.

இத்தனையும் நானே கண்டுபிடித்த மாதிரி மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே, கேட்டுக்கு உள்ளே, இரண்டு வகை வேலை என்று. அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கடைசியில், "ஏங்க, வெளிய முடியுற வேலைன்னு சொல்றீங்களே, அத யாரு முடிக்கிறா? நீங்க எட்டு மணிக்கு ஒரு பட்டனை அமுக்குவீங்க. துணி எடுக்குறது, மருந்து எடுக்குறது, அத்தைக்கு சுகர் மாத்திரை, வழியில சாப்பாடு, வீட்ட பூட்டுனா பால்காரருக்குச் சொல்றது, இதெல்லாம் உங்க தாள்ல எங்க இருக்கு?" என்றாள்.

இல்லை. எந்தத் தாளிலும் இல்லை. மச்சினனின் பதினொன்றிலும் இல்லை, பார்த்தேன். அவன் மனைவி தனியாக ஒரு தாள் வைத்திருக்கலாம், கேட்க தைரியமில்லை. அன்று மாலையே நானும் ஒரு ஷீட் திறந்தேன். முதல் தாளில் அவள் சொன்னதை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர் போட்டோம். பால்காரர், மருந்து, வழிச் சாப்பாடு என் பெயரில் வந்தன.

மிச்சம் இருந்தது அம்மா. கொச்சி என்றால் அம்மா எட்டு மணி நேரம் பூங்காவில் நிழல் தேடி உட்கார வேண்டும், அல்லது மதுரையிலேயே தனியாக இருக்க வேண்டும். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று தயங்கி, ரயிலைப் பற்றி ஆரம்பித்தேன்.

"குருவாயூர் போற ரயிலா?" என்றாள் அம்மா.

"ஆமா, ஆனா நம்ம எர்ணாகுளத்துல எறங்கிருவோம்."

"ஏன் எறங்கணும்? அங்க போயி குருவாயூரப்பனைப் பார்த்துட்டு, திரும்பி வர்றப்ப உங்க ராட்டினத்தைப் பாருங்க. நான் ரூம்ல படுத்துக்கிறேன். நாப்பது வருஷமா போகணும்னு இருக்கேன்."

இது என் ஆறு ஊர் ஒப்பீட்டில் எங்கும் இல்லாத ஏழாவது வழி. பாப்பாவும் உடனே "அப்பத்தா சொல்றது சரி" என்றாள், கூடுதலாக ஒரு நாள் கிடைக்கிறதே. ஆக, கொச்சி. ரயிலில் கடைசி வரை போய் முதலில் குருவாயூர், மறுநாள் காலை தரிசனம், அங்கிருந்து எர்ணாகுளம், அடுத்த நாள் பூங்கா. நடுவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாவிட்டாலும் கோயிலையும் பூங்காவையும் முன்பின் மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது. குருவாயூரில் மூத்த குடிமக்களுக்குத் தனி வரிசை உண்டு. அம்மாவுக்கு எழுபது. இந்தப் பயணத்தில் எக்ஸ்பிரஸ் பாஸ் கிடைக்கப்போவது எங்கள் குடும்பத்தில் அவளுக்கு மட்டும்தான்.

ஜூலைக் கடைசியில் ஒரு நாள் காலை ஏழு ஐம்பத்தைந்துக்கு போனில் அலாரம் வைத்திருக்கிறேன். ஷீட்டில் இப்போது மூன்று தாள்கள். துணிப் பட்டியலில் என் பெயருக்கு நேரே மனைவி எழுதியிருப்பது: நைலான் டிராயர் ஒன்று, கோயிலுக்கு வேட்டி ஒன்று, இரண்டும் ஒரே பையில் வேண்டாம்.